பின்சக்கரத்தில் தேங்காயெண்ணெய்

"இன்னும் முப்பது விநாடி" என்று சைக்கிள் கிளப் ஆல்பன் சார் வாட்சைப் பார்த்துச் சொன்ன நேரத்தில்தான் ஜெபர்சனுக்கு அந்த விஷயத்தைச் சொல்லத் தோன்றியது. மனிதர் எப்போதும் அப்படித்தான். உலை கொதித்த பிறகு அரிசி தீர்ந்ததைச் சொல்வார், பஸ் நகர்ந்த பிறகு குடை வீட்டில் இருப்பதைச் சொல்வார். வினோலியா இரண்டு பாதங்களையும் பெடலில் பூட்டி, வளைந்த கைப்பிடியின் அடிப்பகுதியைப் பிடித்துக் குனிந்து, முப்பந்தலிலிருந்து மேற்கே நீண்டு கிடக்கும் பழைய ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு நிமிஷம் முந்திக் கிளம்ப வேண்டிய அபினேஷ் கிளம்பிப் போய் அரை நிமிஷம் ஆகிவிட்டது. சைக்கிள் சாயாமல் சீட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நின்ற அவள் புருஷன் ஜெபர்சன், நல்ல சேதி கொண்டுவந்தவரின் குரலில் காதருகே குனிந்தார்.

"பின் டயரு நேத்து ஏறமாட்டேன்னு மல்லுக்கட்டிச்சு கேட்டியா. பொறவு கொஞ்சம் தேங்காயெண்ணெ தொட்டு விளிம்புல தடவினேன். வழுக்கிக்கிட்டு ஏறிட்டு."

"என்னது?"

"தேங்காயெண்ணெ. நம்ம வீட்டு எண்ணெதான். சுத்தமான எண்ணெ."

"பத்து விநாடி" என்றார் ஆல்பன் சார்.

"டியூப்ல பட்டுச்சா?"

"அது தெரியல்ல பிள்ள. அதுக்கென்ன, பட்டா வழுவழுன்னு இருக்கும்லா."

மூன்று, இரண்டு, ஒன்று. ஆல்பன் சார் கையை இறக்கினார். ஜெபர்சன் சீட்டை விட்டார்.

போனாள். வேறென்ன செய்வது. முதல் நூறு மீட்டரைக் கால்கள்தான் ஓட்டின. தலை இன்னும் வெள்ளைக் கோட்டிலேயே நின்றுகொண்டு "என்னது, என்னது" என்று கேட்டுக்கொண்டிருந்தது. எண்ணெய். ரப்பருக்கு எண்ணெய். அதிலும் சுத்தமான ரப்பர் பாலில் வார்த்தெடுத்த, ஊதிப் பிடித்தால் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிகிற அந்த இளஞ்சிவப்பு லேட்டக்ஸ் டியூபுக்கு எண்ணெய். பதினேழு வருஷமாக அவள் வேலை பார்க்கிற கையுறைக் கம்பெனியின் வாசலில் பெரிய எழுத்தில் எழுதிப் போட்டிருக்கிறது, எண்ணெய்க் கையோடு உள்ளே வரக்கூடாது என்று. புதிதாகச் சேரும் பெண்களுக்கு முதல் நாள் அதை விளக்கிக் காட்டுவதே பரிசோதனைக் கூடத்து வினோலியா அக்காதான். ஒரு கையுறையை ஊதிக் கட்டி, அதன் சுண்டுவிரலில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு மேசைமேல் வைப்பாள். ஷிப்ட் முடிந்து வந்து பாருங்கள் என்பாள். வந்து பார்த்தால் அந்த ஒரு விரல் மட்டும் வீங்கிக் கொழகொழத்து நிற்கும். யாராவது ஒருத்தி தொடுவாள், டப்பென்று போகும், எல்லாரும் சிரிப்பார்கள். எட்டு மணி நேரம் போதும். ஜெபர்சன் எண்ணெய் தடவியது நேற்று சாயங்காலம் ஆறு மணிக்கு, அவள் சர்ச்சில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தபோது. இப்போது காலை ஆறரை. பன்னிரண்டரை மணி நேரம். அப்படியானால் அது போயிருக்க வேண்டும், ஏன் போகவில்லை, இனிமேல் போகப்போகிறது, எப்போது, இப்போதா. மீட்டரில் வேகம் முப்பது. எதிரே ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று ஆளைப் பிடித்துத் தள்ளுகிறது. இரண்டு பக்கமும் காற்றாலைகள் ஒன்றுக்கும் கவலைப்படாமல் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கையுறை ரப்பர் எவ்வளவு மெல்லியது, டியூப் அதைவிட ஐந்து மடங்கு கனமாவது இருக்குமே. ஐந்து மடங்கு என்றால் எட்டை ஐந்தால் பெருக்கலாமா? பெருக்கலாம் என்று யார் சொன்னது? அவள் பரிசோதித்ததில்லை. பதினேழு வருஷத்தில் எதையெல்லாமோ ஊதி, இழுத்து, கொதிக்க வைத்து, குளிரவைத்துப் பார்த்திருக்கிறாள், இதைப் பார்க்கவில்லை. பரவாயில்லை, இதோ பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள், முப்பது கிலோமீட்டர் வேகத்தில் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு.

இந்த டியூபைத் தேர்ந்தெடுத்தவளும் அவள்தான், யாரையும் நொந்துகொள்ள முடியாது. கிளப்பில் எல்லாரும் கறுப்பு டியூபில் ஓடினார்கள். வசதிப்பட்டவர்கள் புதிதாக வந்திருக்கிற கண்ணாடித்தாள் மாதிரி பிளாஸ்டிக் டியூபுக்கு மாறினார்கள். வினோலியா மூன்றையும் வரவழைத்துக் கம்பெனித் தராசில் நிறுத்தாள். கறுப்பு நூற்றைந்து கிராம், லேட்டக்ஸ் எழுபத்தெட்டு, பிளாஸ்டிக் அதைவிடவும் குறைவு. எடையை மட்டும் பார்க்கிற ஆள் பிளாஸ்டிக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவான், அபினேஷ் அதைத்தான் செய்தான். அவள் இழுத்துப் பார்த்தாள். கறுப்பு டியூப் முறைத்துக்கொண்டு நீண்டது, முனகிக்கொண்டு திரும்பியது. பிளாஸ்டிக் நீளவே யோசித்தது. லேட்டக்ஸ் மட்டும் இழுத்த இழுப்புக்கு வந்தது, விட்ட உடனே பழைய இடத்துக்குப் போய் ஒன்றும் நடக்காத மாதிரி இருந்தது. சக்கரம் தரையில் ஒவ்வொரு சுற்றிலும் அமுங்கி எழும்போது தின்கிற சக்தி அந்த முனகலில்தான் போகிறது, இது முனகாது, ரோட்டில் கிடக்கிற சின்னக் கல்லுக்கும் முள்ளுக்கும் விலகிக்கொடுத்துவிட்டு மறுபடி சேர்ந்துகொள்ளும் என்று அவள் சொன்னபோது ஆல்பன் சார் டியூபை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து "இது பர்த்டே பலூன்லாம்மா" என்றார். அன்றிலிருந்து அதற்குப் பேர் பலூன். அதற்கு ஏற்ற மாதிரி அதற்கும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு: ராத்திரியோடு ராத்திரியாகக் காற்றைக் கசியவிடும். காலையில் எழுந்ததும் பால்காரன் மாட்டிடம் போகிற மாதிரி பம்பை எடுத்துக்கொண்டு சக்கரத்திடம் போக வேண்டும், ஒரு நாள் தவறக்கூடாது. "நம்ம பிள்ளைகளுக்குக்கூட நீ இப்பிடி நேரம் பாத்துப் பால் கொடுக்கல்ல" என்பார் ஜெபர்சன். வெயில் ஆகாது, மண்ணெண்ணெய் வாடை ஆகாது, ரிம்மில் கம்பித் துளைகளை மூடுகிற டேப் ஒரு நூல் விலகியிருந்தாலும் அந்தத் துளைக்குள் போய் விரலை விட்ட மாதிரி பிதுங்கிச் செத்துப்போகும். எண்ணெய் ஆகவே ஆகாது. இத்தனையையும் அவள் வீட்டில் சொல்லியிருக்கிறாள். வெயிலைச் சொன்னாள், டேப்பைச் சொன்னாள். எண்ணெயைச் சொன்னாளா? மூன்றாவது கிலோமீட்டர் கல் தாண்டிப் போகும்போது வினோலியா யோசித்தாள். சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. ரப்பரில் எண்ணெய் படக்கூடாது என்பது அவளுக்குத் தண்ணீர் நனைக்கும் என்பது மாதிரி, அதைப் போய் யாராவது சொல்வார்களா.

ஆனால் ஜெபர்சன் சக்கை வெட்டுகிற ஊர்க்காரர். வெளியூரார் பலாப்பழம் என்று சொல்கிற அந்தச் சக்கையை வெட்டும்போது கத்தியிலும் கையிலும் தேங்காயெண்ணெய் தடவாதவர் இந்த ஜில்லாவில் உண்டா? தடவினால்தான் அந்தப் பால் பிசுக்கு ஒட்டாமல் கழன்று வரும். மோதிரம் கழலவில்லை, தேங்காயெண்ணெய். கதவு கிறீச்சிடுகிறது, தேங்காயெண்ணெய். சின்னவளுக்கு நெஞ்சில் சளி, அதையே கொஞ்சம் சூடாக்கிக் கற்பூரத்தோடு. அந்த மனுஷரிடம் பாதி ஏறி மீதி ஏறாத டயரைக் கொடுத்துவிட்டுப் பாட்டுப் பாடப் போனது யார்? மணி ஆறாகிவிட்டது, பாதிரியார் காத்திருப்பார் என்று சக்கரத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனவள் திரும்பி வந்தபோது எல்லாம் மாட்டி, காற்றடித்து, துணியால் துடைத்து வைத்திருந்தார். "லீவர் போட்டு நெம்பினீங்களா?" என்றுதான் கேட்டாள், இரும்பு பட்டு டியூப் கடிபட்டிருக்குமோ என்று பயந்து. "இல்ல, கையாலதான்" என்றார், அது உண்மைதான். அவளும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் டயரை அமுக்கி அமுக்கிச் சுற்றிலும் பார்த்தாள், இளஞ்சிவப்பு எங்கும் வெளியே தெரியவில்லை. பெருமையாகக்கூட இருந்தது. கெட்டிக்காரர் என்று ஒரு வார்த்தையும் சொன்னாள். அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள இப்போது வழியில்லை. காற்று முகத்தில் மண்ணை அடிக்கிறது. வேகம் இருபத்தொன்பதுக்கு இறங்குகிறது. கால், கால், காலைப் பார் வினோலியா.

இருபது கிலோமீட்டர், முப்பத்தாறு நிமிஷம். அதற்குள் வர வேண்டும். தோவாளை வரை பத்து, திரும்பிப் பத்து. அடுத்த மாதம் மதுரையில் நடக்கிற மாநிலப் போட்டிக்கு ஜில்லாவிலிருந்து நாலு பேர் போகிறார்கள். மூன்று பேர் ஏற்கெனவே தேர்வாகிவிட்டார்கள். நாலாவது இடத்துக்கு இன்றைக்கு ஒரே ஒரு ஓட்டம். முப்பத்தாறுக்குள் வருகிறவர்களில் யார் வேகமோ அவருக்கு. இதே ரோட்டில் கறுப்பு டியூபில் அவளுடைய மிகச்சிறந்த நேரம் முப்பத்தாறு நிமிஷம் இருபத்தொரு விநாடி. அந்த இருபத்தொரு விநாடியைத்தான் அவள் ரப்பர் பாலிடம் கேட்டிருக்கிறாள், மீதியைக் கால் கொடுக்கும். கிடைக்காவிட்டால்? கிடைக்காவிட்டால் சைக்கிளைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள். யாரும் கேட்காமல் அவளாகக் கொடுத்த வாக்கு. போன வருஷம் குலசேகரம் இறக்கத்தில், இதே மாதிரி ஒரு இளஞ்சிவப்பு டியூபை அவசர அவசரமாக மாட்டிக்கொண்டு போய், டயர் விளிம்பில் அது கடிபட்டிருந்ததைப் பார்க்காமல், முழு வேகத்தில் வெடித்து. அந்தச் சத்தம். டப் என்றுகூடச் சொல்ல முடியாது, காதுக்குள்ளேயே யாரோ அறைந்த மாதிரி. பிறகு தார், பிறகு வானம், பிறகு காறை எலும்பு. ஆறு வாரம் கையில் கட்டு. நாற்பத்திரண்டு வயதில் உனக்கு எதற்கு இது என்று சர்ச்சில் கேட்டார்கள், கம்பெனியில் கேட்டார்கள், ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் கிழவி கேட்டாள். ஜெபர்சன் ஒருவர்தான் கேட்கவில்லை. அவர் கேட்காததைத் தாங்க முடியாமல்தான் அவள் சொன்னாள்: இன்னும் ஒரே ஒரு தடவை, அதில் வரவில்லையென்றால் விட்டுவிடுகிறேன். அவர் ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரு சுளையை எடுத்து அவள் வாயில் வைத்தார்.

ஏன் ஒன்றும் சொல்லவில்லை? ஏழாவது கிலோமீட்டரில், ஆரல்வாய்மொழி கடந்து, மூச்சு இரைத்துத் தொண்டை வறண்ட இடத்தில், அந்த நினைப்பு வந்தது. வேண்டுமென்றே செய்திருப்பாரோ? எண்ணெய் ஆகாது என்று தெரிந்தே? கையுறைக் கம்பெனிக்காரியின் புருஷனுக்கு, பதினேழு வருஷமாக அவள் எண்ணெய் தொடாமல் வேலைக்குப் போவதைப் பார்த்தவருக்கு, தெரியாமலா இருக்கும்? காலையில் தலைக்கு எண்ணெய் வைக்காமல் ராத்திரிதானே வைத்துக்கொள்கிறாள், ஏன் என்று ஒரு நாளாவது யோசித்திருக்க மாட்டாரா? இந்தச் சைக்கிள் பரணுக்குப் போனால் முதலில் நிம்மதியாகத் தூங்கப்போகிறவர் அவர்தான். ஒரு டயர் மெல்லக் காற்றிறங்கினால் போதும், விழக்கூட வேண்டாம், முப்பத்தாறு தாண்டிவிடும், எல்லாம் முடிந்துவிடும், யார்மேலும் பழி இல்லை. அப்படியும் ஒரு அன்பு உண்டல்லவா, கூண்டைச் சாத்துகிற அன்பு. சே. என்ன புத்தி இது. வேகம் இருபத்தெட்டு. ஆனாலும் நினைப்பு விடவில்லை, சேலை முள்ளில் மாட்டின மாதிரி இழுத்துக்கொண்டே வந்தது. வேண்டுமென்றே செய்தவர் அதை எதற்குச் சொல்ல வேண்டும்? மனசு கேட்காமல் சொல்லியிருக்கலாம். முப்பது விநாடி இருக்கும்போதா? தைரியம் அப்போதுதான் வந்திருக்கலாம். பயப்படுத்தி நிறுத்திவிடலாம் என்று, அவள் அப்போதே இறங்கிவிடுவாள் என்று. ஆனால் அந்தக் குரல். சுத்தமான எண்ணெய் என்று சொன்ன அந்தக் குரலில் ஒளிவு மறைவு எங்கே இருந்தது? ஒளிக்கிறவர் எண்ணெயைச் சுத்தமானது என்று சிபாரிசு செய்வாரா?

தோவாளை வந்துவிட்டது என்பதைக் கண்ணுக்கு முன்னால் மூக்கு சொன்னது. பிச்சிப்பூ. சந்தைக்கு மூட்டை இறக்குகிற வண்டிகள், ஈரச்சாக்கு, அந்த வாசனை அத்தனையும் எதிர்க்காற்றில் ஏறி வந்து முகத்தில் விழுந்தது. ரோட்டுக்கு நடுவே சிவப்புக் கூம்பு, அதைச் சுற்றித் திரும்ப வேண்டும். அபினேஷ் அப்போதுதான் திரும்பி அவளுக்கு எதிரே வந்துகொண்டிருந்தான். வங்கித் தேர்வுக்குப் படிக்கிற பையன், அவளைவிடப் பதினாறு வயது சின்னவன், வாய் மட்டும் பெரியது. "யக்கா, பலூன் பறக்கா?" என்று கத்திக்கொண்டே கடந்தான். அவள் பிரேக்கைப் பிடித்தாள். முன் பிரேக் பிடித்தது. பின் பிரேக் பிடிக்கவில்லை, வெண்ணெயைப் பிடித்த மாதிரி வழுக்கியது. சக்கரம் கூம்பைத் தாண்டி அகலப் போனது, இடது கால் தன்னால் நீண்டது, ஒரு பூக்காரம்மா "பையப் போ மக்ளே" என்றாள், சைக்கிள் எப்படியோ திரும்பியது. பிரேக் கட்டை பிடிக்கிற ரிம் பக்கவாட்டில் எண்ணெய். துடைத்தும் மிச்சம் இருக்கிறது, டயர் விளிம்பிலிருந்து ஊறி வெளியே வந்திருக்கிறது. வெளியே. வினோலியா இரண்டு மிதி மிதிக்கும் வரை அந்த வார்த்தையையே வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்த எண்ணெய் உள்ளே போகாத எண்ணெய். அது மட்டுமில்லை, டயருக்குள்ளே அவள் பவுடர் கொட்டியிருந்தாளே, டியூப் ஒட்டாமல் இருக்க, ஒரு கை நிறைய, மாமியாரின் முகப்பவுடர் டப்பாவைப் பாதியாக்கி. எண்ணெய் வடிகிற முகத்துக்கு எதற்குப் பவுடர் போடுகிறோம்? எண்ணெயைக் குடிக்கத்தானே. குடிக்கட்டும், நன்றாகக் குடிக்கட்டும். பாதித் தூரத்தில் மீட்டரைப் பார்த்தாள். இருபது நிமிஷம் ஐந்து விநாடி. கறுப்பு டியூபில் இதே இடத்தில் இருபது இருபத்தைந்து. காற்றை எதிர்த்து, பாதி மனசால் புருஷனைத் திட்டிக்கொண்டு, மீதி மனசால் அவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டு, இருபது விநாடி மிச்சம் பிடித்திருக்கிறாள். இந்த டியூப் என்னதான் செய்துகொண்டிருக்கிறது கீழே?

இப்போது காற்று முதுகில். முப்பத்தைந்து, முப்பத்தேழு, முப்பத்தொன்பது. ரோடே தன்னால் பின்னால் ஓடுகிற மாதிரி இருந்தது. சக்கரத்துக்குக் கீழே கரடுமுரடு எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை, பாய் விரித்த தரையில் போகிற மாதிரி ஒரு சத்தமில்லாத போக்கு. அப்புறம் அது கேட்டது. டக். டக். டக். டக். பின்னாலிருந்து. வந்துவிட்டது. வீங்கிவிட்டது, வீங்கின இடம் ஒவ்வொரு சுற்றுக்கும் ரோட்டில் தட்டுகிறது, இன்னும் பத்துத் தட்டு, இன்னும் ஐந்து, பிறகு அந்தச் சத்தம், பிறகு தார், பிறகு வானம். தோள் தானாகவே குறுகியது, காறை எலும்பு தன் பழைய உடைசலை நினைத்துக்கொண்டது. நிறுத்தலாம். நிறுத்தினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், எண்ணெய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கிளப் முழுக்க ஜெபர்சனைப் பார்த்துச் சிரிக்கும், அவள் பாவம் என்பார்கள். பாவம். அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டுத்தான் ஆறு வாரம் கட்டிலில் கிடந்தாள். டக். டக். அவள் மிதிப்பதை ஒரு நொடி நிறுத்தி, சக்கரத்தைச் சும்மா ஓடவிட்டு, காதைக் கொடுத்தாள். சக்கரம் சுற்றுகிற வேகத்துக்கும் அந்தச் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. சக்கரம் இந்த வேகத்தில் விநாடிக்கு ஐந்து சுற்றாவது சுற்றும், இது இரண்டு தடவைதான் தட்டுகிறது. இடது கையைப் பின்னால் கொண்டுபோனாள். முதுகில் ஊக்கு குத்தியிருந்த நம்பர்த்தாள். ஒரு ஊக்கு கழன்று, காகிதத்தின் மூலை காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. பதினெட்டாம் நம்பர். வினோலியாவுக்குச் சிரிப்பு வந்தது. மூச்சுக்கே பஞ்சமான நேரத்தில் வந்த சிரிப்பு இருமலாகித்தான் வெளியேறியது. அந்த ஊக்கைக் குத்தியவரும் அவர்தான். நாலு ஊக்கில் ஒன்றை ஒழுங்காகப் பூட்டத் தெரியாத மனுஷர், ரகசியமாகச் சதி செய்யப் போகிறாராக்கும். ஆறு வாரம் அவள் தலைமுடியைச் சீவிப் பின்னிவிட்டவர். பின்னல் ஒரு நாளும் நேராக வந்ததில்லை. இன்றைக்கு விடியுமுன் எழுந்து பிளாஸ்கில் பால் விடாத கட்டன்சாயா ஊற்றியவர், சர்க்கரையை மறந்துவிட்டு, பிறகு அதைத் தனியாக ஒரு காகிதத்தில் மடித்து எடுத்து வந்தவர். அவர் அன்று ஆரஞ்சு உரித்தபோது ஒன்றும் சொல்லாதது, வாய் திறந்தால் அழுதுவிடுவோம் என்றுதான். இப்போது தெரிகிறது. பதினான்காவது கிலோமீட்டரில், நாற்பது வேகத்தில், பட்டப்பகல் மாதிரித் தெரிகிறது. டயர் ஏற மறுத்தது, அவள் ஆசைப்பட்ட டயர், அதனால் ஏற்றினார். கையில் இருந்ததை வைத்து ஏற்றினார். அவ்வளவுதான் விஷயம். வெடித்தால் வெடிக்கட்டும். வெடிக்கிற வரை ஓட்டுவோம்.

அதன்பிறகு அவள் டியூபைப் பற்றி நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். நினைத்தாள், ஆனால் வேறு மாதிரி. கீழே ஒன்று எண்ணெயோடு தனியாகப் போராடிக்கொண்டிருக்கிறது, இழுத்த இழுப்புக்கு வருகிறது, விட்டதும் திரும்புகிறது, முனகவில்லை. விடியற்காலையில் மரத்தைக் கீறி, சிரட்டையில் சொட்டுச் சொட்டாக விழுந்த பால். எந்த ஊர் மரமோ. அது தாங்குகிற வரை நானும் தாங்குகிறேன் என்று தொடைக்குச் சொன்னாள். தொடை எரிந்தது. எரியட்டும். முப்பந்தல் காற்றாலைகள் தெரிந்தன. இசக்கியம்மன் கோயிலுக்கு முன்னால் ஒரு பஸ் வேகம் குறைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனது, அதன் பின்னால் ஒரு சிவப்புப் பனியன், குனிந்த முதுகு, அபினேஷ். ஒரு நிமிஷம் முந்திக் கிளம்பியவனின் முதுகு. முதலில் தீப்பெட்டி அளவு இருந்தது, பிறகு பை அளவு, பிறகு அதில் ஒட்டியிருந்த வியர்வைக் கோடு வரை தெரிந்தது. வலப்பக்கம் ஒதுங்கினாள். வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள், மூச்சு வீண். ஆனால் சில விஷயங்களுக்கு மூச்சைச் செலவழிக்கலாம். பக்கத்தில் வந்ததும் "பறக்குடே" என்றாள். அவன் திரும்பிப் பார்த்தபோது பதினெட்டாம் நம்பர்த்தாள் அவன் முகத்துக்கு முன்னால் படபடத்துக்கொண்டு போனது.

கடைசி ஒரு கிலோமீட்டரில் நினைப்பு ஒன்றும் இல்லை. ஆச்சரியம்தான், அத்தனை நேரம் வாயாடிய தலை ஊமையாகிவிட்டது. வெள்ளைக் கோடு, அதன் பக்கத்தில் நீலச்சட்டை, அது ஜெபர்சன், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எதற்கோ குதிக்கிறார், பக்கத்தில் ஆல்பன் சார் வாட்சைக் கண்ணுக்கு நேரே பிடித்திருக்கிறார். கோடு சக்கரத்துக்கடியில் போனது. காற்று அவளை இன்னும் முன்னூறு மீட்டர் தள்ளிக்கொண்டு போய்த்தான் விட்டது. திரும்பி வந்தாள். ஆல்பன் சார் வாட்சை ஒரு தடவை பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"முப்பத்தஞ்சு முப்பத்தெட்டு" என்றார். "எம்மா வினோலியா, நீதான் மதுரைக்கு."

கடைசியாகக் கிளம்பியவள் அவள்தான், இனி வர வேண்டியவர் யாரும் இல்லை. அவளுக்குப் பின்னால் வந்து சேர்ந்த அபினேஷ் ஒரு நிமிஷம் முந்திக் கிளம்பியவன், அவன் முப்பத்தாறைத் தாண்டிவிட்டான். வினோலியா ரோட்டோரத்தில் உட்கார்ந்தாள். அழுதாள். வெட்கப்படாமல், மூக்கை முழங்கையால் துடைத்துக்கொண்டு அழுதாள். சந்தோஷம் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது, அதனால் நிறுத்த அவசரப்படவில்லை. ஜெபர்சன் பிளாஸ்கைத் திறந்துகொண்டே அங்கே நின்ற எல்லாரிடமும் விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். "நான் நேத்து கொஞ்சம் எண்ணெ போட்டுவிட்டேன் கேட்டீங்களா. அதாக்கும் இந்த வழுக்கு வழுக்கிக்கிட்டு வந்தது."

அவள் எழுந்தாள். பின்சக்கரத்தைக் கழற்றினாள், காற்றை இறக்கினாள், டயரின் ஒரு பக்கத்தைக் கையாலேயே உருவினாள். அதுவும் வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே பவுடர் எண்ணெயில் நனைந்து புட்டுமாவு மாதிரி உதிரியாகக் கட்டியிருந்தது. டியூபை வெளியே எடுத்தாள். ஒரு சாண் நீளத்துக்கு நிறம் மாறியிருந்தது. தோல் சுருங்கித் தளர்ந்து, விரல் வைத்தால் பிசுபிசுவென்று அமுங்கியது. பதினேழு வருஷத்து விரல், அதற்குத் தெரியும், இதில் உயிர் எவ்வளவு மிச்சம் என்று. பம்பை மாட்டி நாலு அடி அடித்தாள். மற்ற இடமெல்லாம் ஒழுங்காக உருண்டு வர, அந்த ஒரு சாண் மட்டும் சக்கைச்சுளை மாதிரி புடைத்துக்கொண்டு எழுந்தது. ஆல்பன் சார் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். பலூன் என்று சொல்லவில்லை.

"இதப் பிடிங்க" என்று ஜெபர்சன் கையில் கொடுத்தாள்.

அவர் பிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டு, குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கினார். அவள் இன்னும் இரண்டு அடி அடித்தாள். டப்பென்று வெடித்தது. பக்கத்து மரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன, ஆல்பன் சார் வாட்சைக் கீழே போட்டார். ஜெபர்சன் கையில் ஒரு இளஞ்சிவப்புக் கந்தல் தொங்கியது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"இந்தச் சத்தத்த நான் முப்பத்தஞ்சு நிமிசமா காதுல வச்சிக்கிட்டு ஓட்டினேன்" என்றாள். "இப்பம் நீங்களும் கேட்டாச்சு."

"எண்ணெயா செய்தது இது?" என்றார். "வினோ, சத்தியமாட்டு எனக்குத் தெரியாது பிள்ள. நீ விழுந்திருந்தா நான் என்ன செய்திருப்பேன்."

அந்த முகத்தைப் பார்த்தாள். ஏழாவது கிலோமீட்டரில் நினைத்ததை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது, அதைச் சாகிற வரை யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்தாள். கந்தலை அவர் கையிலிருந்து வாங்கி மடித்துப் பனியன் பைக்குள் வைத்துக்கொண்டாள். பரிசோதனைக் கூடத்துச் சுவரில் ஆணியடித்து மாட்ட இடம் இருக்கிறது, புதிதாக வரும் பெண்களுக்கு இனி கையுறையை ஊதிக் காட்ட வேண்டாம்.

"எனக்குத்தான் சொல்லத் தோணல்ல" என்றாள். "மதுரைக்குப் போகையில பின் டயரு நீங்கதான் மாட்டணும். நீங்க ஏத்தினது ஒரு இடத்துலயும் கடிபடல்ல. கைய மட்டும் சோப்பு போட்டுக் கழுவிக்கிடுங்க."

ஜெபர்சன் தலையாட்டினார். பிறகு கிளப் வேனுக்குப் போய், தண்ணீர்க் கேனைச் சாய்த்து, சோப்புக்கட்டியை எடுத்து, முழங்கை வரை நுரை ஏற்றித் தேய்த்துத் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தார். மதுரைக்கு இன்னும் இருபத்தெட்டு நாள் இருந்தது.